முப்பத்தொரு விதைகள்

உங்கள் வீட்டில் காலியான தயிர் டப்பா இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்போது அது தேவைப்படலாம். அடியில் நாலு ஓட்டை போட ஒரு ஆணி, ஆணியைக் காய்ச்ச அடுப்பு, இரண்டும் இருந்தால் போதும்.

'இவன் யார், நமக்கு விவசாயம் சொல்லித் தர?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நான் பாளையங்கோட்டையில் பி.காம். படித்தவன். பற்று, வரவு, தேய்மானம் தெரியும். செடி கொடி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காய்கறிக் கடையோடு சரி. ஆனால், கொன்று பழகியவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். எப்படியெல்லாம் கொல்லக் கூடாது என்று.

மண் இல்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் ஆசை எனக்கு 2021-ல் வந்தது. மடிப்பாக்கம் ஃபிளாட்டில் எங்களுக்குச் சொந்தமான நிலம், ஆறடிக்கு மூன்றடி பால்கனி. அதில் வெள்ளைக் குழாய்கள், ஒரு குட்டி மோட்டார், இருபத்து நாலு ஓட்டை என்று ஒரு செட் வாங்கி மாட்டினேன். கூடவே ஒரு கவரில், சர்க்கரைக் கட்டி மாதிரி பஞ்சுக் கட்டிகள் கொடுத்தார்கள். ராக்வூல் என்று பெயர். கருங்கல்லை 1,500 டிகிரிக்கு மேல் உருக்கி, திருவிழாவில் பஞ்சு மிட்டாய் சுற்றுகிற மாதிரி சுற்றி எடுக்கிற சமாசாரம் அது. ஐரோப்பாவில் 1970-களிலிருந்து பசுமைக்குடில்காரர்கள் அதில்தான் விதை போடுகிறார்கள்.

கட்டிகள் தீர்ந்ததும் மறுபடி வாங்கப் போனேன். ஒரு கட்டி எட்டு ரூபாய் சொன்னார்கள். ஒரு கட்டு கீரையே பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஊரில், ஒரு கீரை விதைக்கு எட்டு ரூபாய் மெத்தையா? உள்ளே இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். மலிவாக ஏதாவது செய்யலாம் என்று இறங்கினேன்.

முதல் தடவை, தென்னை நார்த்தூள் கட்டி வாங்கினேன். 5 கிலோ, 180 ரூபாய். அதை போர் தண்ணீரில் ஊறவைத்து, 'குழந்தைக்குச் சத்து வேண்டுமே' என்று உரக் கரைசலையும் தாராளமாக ஊற்றி, விதையைப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இரண்டாவது தடவை உரத்தை நிறுத்திவிட்டு, காலை, மதியம், ராத்திரி என்று மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். முளைத்தன. நாலாம் நாள் தண்டின் அடியில் நூல் கட்டி இறுக்கினது மாதிரி கறுத்து, ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. நாற்றழுகல் என்று பேராம். மூன்றாவது தடவை, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் துண்டு போட்டு, 'இருட்டில்தான் முளைக்கும்' என்று எங்கேயோ கேட்டதை நம்பி அலமாரிக்குள் வைத்து மறந்துவிட்டேன். ஐந்து நாள் கழித்துத் திறந்தால், வெளுத்துப் போய், நாலு அங்குல உயரத்துக்கு வளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல் கிடந்தன.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. குழாய்களின் மேல் துண்டு காயப்போட ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் மணிமுத்தாறிலிருந்து அத்தையின் போன் வந்தது.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மாமா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கால்வாய் மதகுகளைத் திறக்கிற, அடைக்கிற வேலை. பெருங்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வயல் இருந்தது. மாமா போனதும் வயலும் போனது. மிச்சம் இருந்தது வீடும், வீட்டுக்குப் பின்னால் புறவாசலும். அந்தப் புறவாசலில் அத்தை ஒரு கத்தரிக்காய் வளர்த்து வந்தாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு, பச்சையில் வெள்ளைக் கோடு, காம்பில் முள். கல்யாணமாகி வந்தபோது மாமியார் கொடுத்த விதை. அறுபது வருஷமாக, காயை முற்றவிட்டு, பழுக்கவிட்டு, விதை எடுத்து, மறு வருஷம் போட்டு, அதே கத்தரி. அதற்கு ஊர் பேர் எதுவும் கிடையாது. எங்கள் வீட்டில் 'அத்தை கத்தரிக்காய்' என்போம். சின்ன வயசில் பரீட்சை லீவுக்குப் போனால், அந்தக் காயை நாலாகக் கீறி, புளி விட்டு வைக்கிற குழம்பு மூன்று நாள் சுண்ட சுண்ட ருசி கூடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் ஜனங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அந்த மழையில் அத்தை வீட்டுப் புறவாசலில் முழங்காலளவு தண்ணீர் நாள் கணக்கில் நின்றது. கத்தரிச் செடிகள் அத்தனையும் அழுகிப் போயின. முழங்கால் வலியில் அத்தை இரண்டு வருஷமாகப் புது விதையும் எடுத்து வைக்கவில்லை.

"ஏல மருமவனே, நீ தண்ணியிலயே செடி வளக்கியாம்லா? ஒங்க மதினி சொன்னா."

"ஆமா அத்தை… சும்மா…"

"எங்கிட்ட முப்பத்தோரு வெத கெடக்கு. பரண்ல இருந்ததால தப்பிச்சுது. வீட்டை வேற வெல பேசியாச்சு. மாசியில தம்பி வீட்டுக்கு, திருநவேலிக்குப் போறேன். மூணாவது மாடியாம். மண்ணு ஏது, மட்டை ஏது? நீ வந்து வாங்கிட்டுப் போ. நாலு செடி உண்டாக்கிக் குடு."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீரை விதை செத்தால் கடையில் வேறு பாக்கெட். இதற்கு எந்தக் கடைக்குப் போவது?

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மணிமுத்தாறு போயிருக்கிறீர்களா? போனவர்கள் அருவியில் குளித்துவிட்டு, மாஞ்சோலை ரோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். அணை 118 அடி. காமராஜர் ஆட்சியில், 1950-களில் கட்டியது. அணையின் மேல் நின்றால் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் கால்வாய் போகும் வழியெல்லாம் பச்சை. அந்த வருஷம் தண்ணீர் நிறைய இருந்தது. அத்தை வீட்டுப் புறவாசலில் மட்டும் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அத்தை ஒரு பழைய விபூதி டப்பாவைக் கொண்டு வந்தாள். தகர டப்பா. திறந்தால் சாம்பல். விரலால் துழாவி, தட்டில் கொட்டி, ஊதி, எண்ணினாள். முப்பத்தொன்று. சாம்பலில் போட்டு வைத்தால் ஈரம் சேராது, பூச்சி அண்டாது. இதைத்தான் இன்றைக்கு சிலிக்கா ஜெல் பாக்கெட் செய்கிறது.

நான் மூன்று தோல்வியையும் சொல்லிவிட்டேன். கையில் நோயை வைத்துக்கொண்டு வைத்தியரிடம் மறைப்பானேன்? அத்தை முழுக்கக் கேட்டாள். கடைசியில் உரம் ஊற்றினேன் என்று சொன்ன இடத்துக்கே திரும்பி வந்தாள்.

"வெதைக்கு எதுக்குல சோறு? அது வரும்போதே கட்டுச்சோறு கட்டிட்டுல்லா வருது. அதத் தின்னு தீத்த பொறவுதான நீ போடணும்?"

"அப்ப மண்ணு எதுக்கு அத்தை?"

"மொளைக்கதுக்கு மண்ணு எதுக்கு? கோயில் கொடைக்கு மொளைப்பாரி போடுதோமே, அதுல மண்ணா கெடக்கு? வைக்கலும் எருவுந்தான? நவதானியம் மொளைக்கலியா?"

நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஓட்டைச் சட்டியில் வைக்கோலைப் பரப்பி, காய்ந்த எருப்பொடியைத் தூவி, ஊறவைத்த நவதானியத்தைப் போட்டு, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். ராத்திரி சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் இளமஞ்சளாக ஒரு முழ உயரத்துக்கு நிற்கும். சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறேன். இருட்டில் வளர்ந்ததால்தான் அந்த மஞ்சளும் அந்த உயரமும். என் அலமாரியில் ஸ்பாஞ்சில் வளர்ந்ததும் அதேதான். முளைப்பாரிக்கு ஒன்பது நாள் வாழ்ந்தால் போதும். ஆற்றில் கரைத்துவிடுவார்கள். என் செடி காய் காய்க்க வேண்டும். வித்தியாசம் அதுதான்.

அத்தை சொன்ன கட்டுச்சோறு விஷயத்தைப் பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அப்படியே சரி. விதைக்குள் சேமித்து வைத்த உணவு இருக்கிறது. முளைத்து, முதலில் விரிகிற இரட்டை இலைகளும் பச்சை பிடித்து, வேர் இறங்கி, மூன்றாவதாக நிஜ இலை தலைகாட்டும் வரை அந்தக் கைச்சரக்கே போதும். எங்கள் காமர்ஸ் பாஷையில் ஆரம்ப மூலதனம். அது இருக்கும்போது வெளியே கடன் வாங்கிக் கொடுத்தால் கம்பெனி மூழ்கும்.

எப்படி மூழ்கும் என்றால், நாரத்தங்காய்க்கு உப்பு அடைக்கிறோமே, காய் என்ன செய்கிறது? தன் தண்ணீரை வெளியே விடுகிறது. விதையைச் சுற்றி உப்பு அதிகமாக இருந்தால், உள்ளே போக வேண்டிய தண்ணீர் போகாது. என் முதல் தோல்வியில் மூன்று உப்பு சேர்ந்துவிட்டது. போர் தண்ணீரின் உப்பு, உரத்தின் உப்பு, நார்த்தூளின் உப்பு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் என்னிடம் இருந்தது. மடிப்பாக்கம் போரில் 1,400 காட்டியது. அத்தை வீட்டுக் குழாயில் வைத்தேன். நூறுகூடக் காட்டவில்லை. நான்தான் மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தேன்.

சரி, மண்ணின் வேலை என்ன? முளைக்கிற விதைக்கு மூன்றே மூன்று. சாய்ந்து நிற்க ஒரு பிடிமானம், விட்டு விட்டு உறிஞ்ச ஈரம், வேர் மூச்சுவிடக் காற்று. இந்த மூன்றையும் தருகிற எதுவும் விதைக்கு மண்தான். உரமெல்லாம் பிறகு.

உலகம் இதைக் கண்டுபிடித்துக் கொஞ்ச காலமாகிவிட்டது. 1860-களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரண்டு பேர், உப்புக் கரைத்த தண்ணீரில் செடி வளர்த்துக் காட்டினார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கெரிக் என்பவர் 1929-லிருந்து அதைத் தொட்டிகளில் பெரிய அளவில் செய்து, ஏணி வைத்துப் பறிக்கிற உயரத்துக்குத் தக்காளிக் கொடி வளர்த்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937-ல் வந்தது. கிரேக்கத்தில் தண்ணீர், உழைப்பு என்ற இரண்டு சொற்களின் கூட்டு.

நம் நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். 1946-ல் டார்ஜிலிங் பக்கம் கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் பரிசோதனை செய்ய ஆரம்பித்தார். அவருக்கு மோட்டாரும் குழாயும் வைத்து ஜம்பம் செய்ய விருப்பமில்லை. சாதாரண ஜனங்கள் செய்ய வேண்டும் என்பதுதான் குறி. அதனால் கையில் கிடைக்கிற கல்சல்லி, மணல் என்று தொட்டியை நிரப்பி, உரத்தை மேலாகத் தூவித் தண்ணீர் தெளிக்கிற எளிய முறையை உண்டாக்கினார். 'பெங்கால் முறை' என்றே அதற்குப் பெயர். 1951-ல் அதே பெயரில் புத்தகமும் எழுதினார். எட்டு ரூபாய்க் கட்டியை வாங்கப் போய்த் திரும்பி வந்த எனக்கு, அவர் சொந்தக்காரர் மாதிரி தோன்றினார்.

இன்னொரு வேடிக்கை. தேங்காய் மட்டையைத் தட்டி நார் எடுத்த பிறகு விழுகிற தூளை, ஒரு காலத்தில் நார் ஆலைக்காரர்கள் மலை மலையாகக் குவித்து, என்ன செய்வது என்று தெரியாமல் கொளுத்துவார்கள். 1980-களின் பிற்பகுதியில் ஹாலந்துக்காரர்கள் அதைச் செடி வளர்க்க வாங்க ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் பொள்ளாச்சியிலிருந்து கப்பல் கப்பலாகப் போகிறது. நம் ரோட்டோரக் குப்பையில் அவர்கள் ரோஜா வளர்க்க, நாம் அவர்கள் கல் பஞ்சுக்கு எட்டு ரூபாய் கொடுத்தோம்!

ஊரிலிருந்து கிளம்பும்போது அத்தை இன்னொன்றும் கொடுத்தாள். கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் வாங்கி வந்த உமியை ஒரு பழைய சட்டியில் மூட்டம் போட்டுக் கரித்தது, ஒரு பை நிறைய. உமிக்கரி. நம் தாத்தாக்கள் பல் தேய்த்த அதே சரக்கு. "கருப்பாத்தான் இருக்கணும். வெள்ளையாச் சாம்பலாப் போச்சுன்னா ஆவாது, கேட்டியா?" என்றாள். வாசல்வரை வந்து, "தண்ணி ஊத்தும்போது ஒங்க மாமாவ நெனச்சுக்கோ" என்றாள்.

"ஏன் அத்தை?"

"மதகத் தொறக்கத் தெரிஞ்சவனுக்கு அடைக்கவும் தெரியணும்பாக."

இப்போது டப்பாவைக் கையில் எடுங்கள். செய்முறை சொல்கிறேன்.

நார்த்தூள் கட்டியில் கை அகலம் உடைத்து, பக்கெட்டில் ஊறப் போடுங்கள். முழுக் கட்டியையும் போட்டுவிடாதீர்கள். அது ஊறினால் அறுபது எழுபது லிட்டர் ஆகும், குடித்தனம் இருக்க இடமிருக்காது. ஊறினதும் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். தூளை ஒரு பழைய வேட்டியில் கட்டிப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். மறுபடி ஊறல், மறுபடி பிழிசல். நாலைந்து தடவையில் தண்ணீர் தெளியும். மீட்டர் இருந்தால், ஊற்றின தண்ணீரும் பிழிந்த தண்ணீரும் ஏறத்தாழ ஒரே எண் காட்டும் வரை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலை மட்டுமாவது மழைத் தண்ணீரிலோ குடிக்கிற தண்ணீரிலோ செய்யுங்கள்.

உமிக்கரி கிடைத்தால் அதையும் இரண்டு மூன்று தடவை அலசி, இரண்டு பங்கு நார்த்தூளுக்கு ஒரு பங்கு கலக்கலாம். நார்த்தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உமிக்கரி காற்றுக்கு வழி விடும். உமிக்கரி கிடைக்காவிட்டால் உடைத்துச் சலித்த செங்கல் பொடிக்கல், பட்டாணி அளவு. அதுவும் இல்லையென்றால் வெறும் நார்த்தூளே போதும். ஆற்று மணலும் நல்லதுதான். ஆனால், தாமிரபரணியில் மணல் அள்ளி அள்ளி, 2010-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடுகிற அளவுக்கு ஆக்கிவிட்டோம். ஆற்றை விட்டுவிடுவோம்.

கலவையைக் கைநிறைய எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரியான ஈரம். ஓடி ஒழுகினால் அதிகம். ஓட்டை போட்ட டப்பாவில் அமுக்காமல் நிரப்பி, விதையை அதன் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில் வையுங்கள். கத்தரிக்கு அரை சென்டிமீட்டர்கூட வேண்டாம். முதல் நாள் ராத்திரி ஊறவைத்தால் நல்லது. மேலே ஒரு மூடி. தண்ணீரை மேலே ஊற்றாதீர்கள். ஒரு தட்டில் விரற்கடைத் தண்ணீர் விட்டு, டப்பாவை அதில் பத்து நிமிஷம் உட்கார வைத்தால் வேண்டியதை அதுவே கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எடுத்துவிட வேண்டும். மதகை அடைப்பது என்பது அதுதான்.

முதல் முளை தெரிந்த நாளே மூடியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போட்டால் நோஞ்சானாகிவிடும். நிஜ இலை வந்த பிறகுதான் உரக் கரைசல், அதுவும் கால்வாசிக்கு மேல் வேண்டாம்.

இனி என் கதை. பிப்ரவரி முதல் வாரம், ஒரு நல்ல நாள் பார்த்து உட்கார்ந்தேன். முதலை ஒரே இடத்தில் போடாதே என்பது காமர்ஸ் பாலபாடம். பத்து விதை வெறும் நார்த்தூளில். பத்து, உமிக்கரி கலந்ததில். ஐந்து, ஸ்பாஞ்சில். மிச்சம் ஆறை, கையிருப்பாக, விபூதி டப்பாவிலேயே சாம்பலோடு விட்டுவைத்தேன்.

கத்தரி விதை அவசரப்படாத ஜாதி. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளும் இல்லை. ஏழாம் நாள் அத்தை போன் செய்தாள். "நல்லா இருக்கு அத்தை" என்றேன். பொய்யில்லை, டப்பா நல்லாத்தான் இருந்தது. எட்டாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு ஊக்கால் ஒரு விதையைத் தோண்டிப் பார்க்கலாம் என்று பால்கனிக்குப் போய்விட்டேன். மனைவி பின்னாலேயே வந்து ஊக்கை வாங்கிக்கொண்டாள். "பிரசவ வார்டு வாசல்ல நின்னீங்களே, அப்பவும் இப்படித்தான் எட்டி எட்டிப் பாத்தீங்க" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை, உமிக்கரி டப்பாவில், கறுப்புத் தூளுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு வளையம். தலை உள்ளே, காலும் உள்ளே, முதுகு மட்டும் வெளியே. காபி ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரத்தில் கணக்கு முடிந்தது. வெறும் நார்த்தூளில் ஐந்து. உமிக்கரிக் கலவையில் ஆறு. ஸ்பாஞ்சில் ஒன்று. ஆகப் பன்னிரண்டு. ஸ்பாஞ்சில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் காய்ந்துவிட்டது. நார்த்தூளில் ஒன்றை, மாமாவை மறந்து தண்ணீர் ஊற்றி நானே கொன்றேன். மிச்சம் பத்து. பத்து பத்து விதையை வைத்து உமிக்கரிதான் உசத்தி என்று நான் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஒன்று. அந்த டப்பாவில் முளைத்த ஆறும் பிழைத்தன. செலவு? இருபத்தைந்து விதைக்கும் சேர்த்து ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் பக்கத்து ஜனங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். நானும் போனேன். நெல்லை எக்ஸ்பிரஸில், ஜன்னலோரம், மடியில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே நாலு தயிர் டப்பா, நாலு நாற்று. மண் இல்லாததால் கனமே இல்லை, சட்டையில் சேறும் இல்லை. எதிர் சீட்டுப் பெரியவர் கோயில்பட்டி வரும் வரை கத்தரிக்காய் பற்றியே பேசினார்.

திருநெல்வேலியில் அத்தை வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது. அவள் ஏற மாட்டாள், அதனால் இறங்குவதும் இல்லை. நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாசத்தில் மெலிந்துவிட்டாற்போல் இருந்தது. டப்பாவை மடியில் வைத்தேன். இலையைத் தொட்டுப் பார்த்தாள். புரட்டிப் பார்த்தாள். காம்பில் முள் இருக்கிறதா என்று நகத்தால் தடவினாள். பிறகு சுட்டு விரலைத் தூளுக்குள் விட்டு, எடுத்து, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்தாள். அறுபது வருஷமாக மண்ணில் ஈரம் பார்த்த விரல்.

"ஈரம் சரியா இருக்கு" என்றாள். பி.காம். சர்டிபிகேட் வாங்கினபோதுகூட எனக்கு இவ்வளவு பெருமை வந்ததில்லை.

இரண்டு பெயின்ட் பக்கெட்டில் அலசின நார்த்தூளும் செங்கல் கல்லும் நிரப்பி, பக்கெட்டுக்கு இரண்டு நாற்று வைத்துக் கொடுத்தேன். கத்தரிக்குக் குழாய் சரிப்படாது. வேர் பெரிசு, ஆளும் பெரிசு. பக்கெட்தான் லாயக்கு. உரக் கரைசலை எத்தனை மூடி என்று அளந்து ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். என் பங்குக்கு நாலு செடி பால்கனியில். மிச்சம் இரண்டு, எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் மாசம் காய்த்தது. பச்சையில் வெள்ளைக் கோடு, அதே அளவு, அதே முள். நான் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ருசி அப்படியே இருப்பதாக அத்தையிடம் சொன்னேன். அவள் காயும் அதே வாரம் பறித்திருந்தாள்.

"ருசி அரை வீசம் கம்மிதான்" என்றாள். "மண்ணு மண்ணுதாம்ல."

அதை நானும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பெருங்கால் தண்ணீரும் புறவாசல் மண்ணும் அறுபது வருஷம் செய்ததை, பெயின்ட் பக்கெட்டும் நாலு மூடி உரமும் செய்துவிடாது. ஆனால், விதை அதே விதை. கத்தரிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கிற பூ. பக்கத்தில் வேறு கத்தரி இல்லாவிட்டால் ஜாதி கலக்காது. என்றைக்காவது யாருக்காவது ஒரு புறவாசல் வாய்த்தால், மீதி அரை வீசத்தை அங்கே மீட்டுக்கொள்ளலாம். அதுவரை அது செத்துப் போகாமல் இருந்தால் போதாதா?

ஒரு காயைப் பறிக்காமல், மஞ்சளாகப் பழுத்து வதங்கும் வரை விட்டேன். அறுத்து, தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து எண்ண உட்கார்ந்தேன். நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். முப்பத்தொன்றில் ஆரம்பித்த கணக்கு அது.

இரண்டு நாள் கழித்து அத்தை போன் செய்தாள்.

"ஏல, அந்த விபூதி டப்பா ஒங்க மாமா வாங்குனது. திருப்பிக் குடுத்துரு, என்ன?"

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். டப்பாவில் சாம்பலையும், கையிருப்பாக வைத்த அந்த ஆறு விதையையும் அப்படியே விட்டு, மேலே புது விதையைக் கொட்டி மூடினேன்.

தீபாவளிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அத்தை டப்பாவைத் திறக்கவில்லை. காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.